மல்லாட்டைக் கொல்லையில் கேட்ட பாட்டு

உன் இன்லேண்ட் லெட்டர் புதன்கிழமையே வந்துவிட்டது, சேகர். நாலு நாளாகப் பதில் எழுதாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. அந்த வரியில் நீ கேட்டிருந்தாய்: "போளூர்ல சொல்லிட்டீங்களா அப்பா? சொல்லலைன்னா அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நானே போய்ச் சொல்றேன். நீங்களும் கூட வாங்க." இல்லை. சொல்லவில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. பத்திரிகை அச்சுக்குப் போகப்போகிறது. உனக்குத் திக்கும் என்பது மலர் வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளை அதிகம் பேசாதவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்தவன் நான்.

கல்யாணத்துக்காக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். பரணிலிருந்து சாமான்களை இறக்கும்போது ஒரு பழைய ஷூ டப்பா வந்தது. வெள்ளையடிக்க வந்த ஆள் திறந்து பார்த்துவிட்டு, "வெறும் அட்டை சார், எரிச்சிடலாமா?" என்றான். இருக்கட்டும் என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் எழுதி வைத்த கார்டுகள். காலண்டர் அட்டையைச் சமமாக நறுக்கி, கோடு போட்டு, பையனுக்கு ஒன்று. உன்னுடையதும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு. அந்த நாளில் எனக்கு இருந்த சாய்வான, அலட்டலான கையெழுத்து. "பெருந்தசை நன்று. மூடிய வகை. குழு ஆட்டத்துக்கு உகந்தவன் அல்லன்." கீழே, உடற்கல்வி ஆசிரியர் என்று என் கையொப்பம். அப்பா என்று போட அதில் இடம் விட்டிருக்கவில்லை.

அந்தச் சொற்களுக்கு அர்த்தம் என்ன என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சென்னையில் உடற்கல்விக் கல்லூரியில் எனக்குப் படிக்கக் கிடைத்தது ஒரே வருஷம். அதில் ஒரு பாடம் என்னைப் பிடித்துக்கொண்டது. விளையாட்டில் உடம்பு செய்கிற எதையும் வகை பிரிக்கலாம் என்றார்கள். வேலை செய்வது தொடை, தோள் போன்ற பெரிய தசையா, விரல், உதடு போன்ற சின்னத் தசையா. குண்டு எறிவதைப்போலத் தொடங்கியதும் முடிந்துவிடுகிறதா, மும்முறைத் தாண்டலைப்போல ஒன்றோடு ஒன்று கோத்து வருகிறதா, ஓட்டத்தைப்போல விடாமல் தொடர்கிறதா. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: எப்போது தொடங்குவது என்பது யார் கையில் இருக்கிறது? குண்டு எறிகிறவன் வட்டத்துக்குள் நிற்கிறான். வட்டம் நகராது. யாரும் குறுக்கே வருவதில்லை. மனசு தயாரானதும் எறியலாம். அது மூடிய திறன். கபடியில் எதிரே ஏழு பேர். அவர்கள் அசைந்தால் நீ அசைய வேண்டும், அவர்கள் மூச்சு விடுவதைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது திறந்த திறன். எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, ஒரு முனையில் குண்டையும் மறுமுனையில் கபடியையும் எழுதினார். மற்றதெல்லாம் நடுவில் எங்காவது வரும், ஒரே செயல்கூடக் காற்றடித்தால், எதிராளி மாறினால், கோட்டில் இடம் மாறும் என்றார். செயல்களைத்தான் பிரிக்கிறோம், ஆட்களை இல்லை என்றும் சொன்னார். அதையெல்லாம் எழுதிக்கொண்டேன். ஆனால் என் நோட்டில் கோடு வரையவில்லை. இரண்டு கட்டம் வரைந்தேன். கட்டம் எனக்குச் சுலபமாக இருந்தது.

ஊருக்கு வந்து வேலையில் சேர்ந்ததும் பையன்களை அந்தக் கட்டங்களில் போட ஆரம்பித்தேன். இவன் இந்த வகை, அவன் அந்த வகை. பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். மற்ற வாத்தியார்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உனக்கு ஐந்து வயதில் திக்க ஆரம்பித்தது. தானாகப் போய்விடும் என்றார்கள். போகவில்லை. தேரடித் தெருவில் யாராவது குனிந்து "பேர் இன்னா தம்பி?" என்று கேட்டால், நீ வாயைத் திறப்பதற்குள் நான் "சேகர்" என்று சொல்லிவிடுவேன். டாக்டரிடம் உனக்கு எங்கே வலிக்கிறது என்று நான் சொன்னேன். முடிவெட்டுகிறவரிடம் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். உனக்கு உதவுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று யோசித்தால், உன் வாய் திறந்து, வார்த்தை வராமல், தாடை நடுங்குகிற அந்த இரண்டு மூன்று விநாடியை நாலு பேர் பார்க்கக் கூடாது. அவ்வளவுதான் என் அக்கறை. அம்மா ஒருத்திதான் காத்திருப்பாள். நீ சொல்லி முடிக்கும்வரை அரிசி களைந்துகொண்டே இருப்பாள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். நான் குறுக்கே பாய்ந்தால், "அவன் சொல்லட்டுமே. உங்களுக்கு இன்னா, பஸ்ஸு போவுதா?" என்பாள். எனக்கு எப்போதும் ஒரு பஸ் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஒன்பதாவது படிக்கும்போது கபடி அணிக்கு ஆள் எடுத்த சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். மலையின் நிழல் மைதானத்துக்கு வந்துவிட்டிருந்தது. வரிசையில் நீயும் வந்து நின்றாய். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல முடிந்திருக்காது. பாடிப் போகிறவன் கபடி கபடி என்று ஒரே மூச்சில், நடுவில் அறுபடாமல், நடுவருக்குக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே போய்வர வேண்டும். நம் பக்கத்தில் அதைப் பாட்டு என்கிறோம். பாட்டு அறுந்தால் அவன் அவுட். மற்ற பையன்களை ஒவ்வொருவராகப் பாடச் சொல்லி ஸ்டாப்வாட்சில் பார்த்தேன். உன் முறை வந்தபோது வாட்சைக் கீழே இறக்கினேன்.

"நீ குண்டு எறிதல். அந்தப் பக்கம் போ."

"சா... சார், நா... நானும் க..."

பள்ளிக்கூடத்தில் நீ என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் சட்டம். உனக்கு அப்பா என்பது சுலபமாக வரும், சார் என்பது வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "சார், இவன் க-ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள மேட்ச்சே முடிஞ்சிடும் சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சத்தம் வரவில்லை, உதடு மட்டும்தான். நீ அதைப் பார்த்தாய். பிறகு திரும்பிக் குண்டு கிடந்த மூலைக்கு நடந்தாய்.

அன்றைக்கு ராத்திரி கார்டு எழுதினேன். பாட்டு உதடும் நாக்கும் செய்கிற வேலை. சின்னத் தசை. அது உனக்குச் சரியில்லை. ஆகவே கபடி இல்லை. குண்டுக்குப் பேச்சு வேண்டாம். ஆகவே குண்டு. பாடத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நேர்த்தியாக ஒரு பொய்யைக் கட்ட முடியும் என்று அப்போது தெரியாது. நான் பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஊர் கூடி நிற்கிற மைதானத்தில், பி.டி. மாஸ்டர் பையன் நடுக்கோட்டைத் தாண்டி, வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் நிற்பான். விசில் என் வாயில் இருக்கும்.

இதுவரை உனக்குத் தெரிந்தது. இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, நீ அடி அண்ணாமலையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாய். சாயங்காலம் உன்னைக் கூட்டி வரச் சைக்கிளில் வந்தேன். ஊரில் நிழல் விழுந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. பெரியம்மா, "பசங்கள்லாம் கொல்லையில ஆடிக்கிட்டு இருக்கானுங்க, போய்ப் பாருங்க" என்றாள். மல்லாட்டை பிடுங்கிய கொல்லை. வேர்க்கடலைக்காகக் கிளறிப் போட்ட, விழுந்தால் அடிபடாத பொலபொலவென்ற மண். வைக்கோல் போர் வரைக்கும் வந்தபோது ஒரு பாட்டு கேட்டது. சடுகுடு சடுகுடு சடுகுடு என்று. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. ஒரே சீராக. ஒரு எழுத்துகூட இடறவில்லை. நான் கைப்பழக்கத்தில் வாட்சைப் பார்த்தேன். முப்பது விநாடி தாண்டியது. தாண்டியும் நிற்கவில்லை. என் அணியில் ஒருவனுக்கும் அந்த மூச்சு கிடையாது. யார்டா இந்தப் பையன், எந்தப் பள்ளிக்கூடம் என்று நினைத்தேன். வைக்கோல் போரின் ஓரமாகத் தலையை நீட்டினேன்.

நீ.

பின்னாலேயே நின்றுகொண்டேன், சேகர். ஓடிவந்து உன்னைத் தூக்கவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால், ஒளிந்துகொள்கிறவன்போல, முதுகைச் சாய்த்துக்கொண்டு, நின்றுவிட்டேன். அந்தப் பாட்டு எப்போது முடிந்தது, எத்தனை பேரைத் தொட்டுவிட்டு வந்தாய் என்று நான் பார்க்கவில்லை. பையன்கள் கத்தியது மட்டும் கேட்டது. அதற்குப் பிறகுதான், அப்போதுதான் வந்தவனைப்போல சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். உன் உடம்பெல்லாம் மண். என்னைப் பார்த்தாய். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

"எ... எ... எப்ப வ... வந்தீங்க?"

"இப்பத்தான்" என்றேன்.

பெரியம்மா மகன் முருகேசன்தான் குதித்தான். "சித்தப்பா, இவன் பாட்டை நீங்க கேக்கணும் சித்தப்பா! மூச்சே உட மாட்றான். ஒருக்கா பாடச் சொல்லுங்க!"

"ஆட்டம்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நேரமாச்சு, கெளம்பு."

சைக்கிள் பின்னால் உட்கார்ந்து நீ வந்தாய். வழி முழுக்க நான் ரோட்டைப் பார்த்து மிதித்தேன். என் பையன் வெட்கப்படுகிறான், பேசிச் சங்கடப்படுத்தக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெட்கம் யாருக்கு என்று முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்த உனக்குத் தெரிய வழியில்லை. அணிப் பட்டியல் அப்போது தலைமை ஆசிரியர் மேசையில்தான் இருந்தது. திங்கட்கிழமைதான் அனுப்புவார்கள். ஒரு பேரை அடித்து ஒரு பேரை எழுத அரை நிமிஷம் போதும். ஆனால் அப்படி எழுதினால், ஏன் சார் மாத்தினீங்க என்று ஒருவன் கேட்பான். நான் தப்பாகக் கணித்துவிட்டேன், என் பையனையே கணிக்கத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அந்த மேசை வரைக்கும் போனேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

அந்த வருஷம் நாம் முதல் சுற்றிலேயே தோற்றோம். நீ ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்ல வரவில்லை. அது எனக்குத் தெரியாது. நீ மூன்று வருஷம் குண்டு எறிந்தாய். மைதானத்தின் மூலையில், தனியாக, யாரும் எதுவும் கேட்காத இடத்தில். ஒரு நாளும் முடியாது என்று சொல்லவில்லை. உன் கையும் தோளும் அதற்கு ஏற்றவை இல்லை என்று எனக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. கார்டை மாற்றவில்லை.

போன மாதம் போளூருக்குப் போனபோது, அவர்கள் வீட்டுத் தெருமுனையில் உன்னை நிறுத்தி நான் சொன்னது இது: "நீ ஒண்ணியும் பேச வேணாம். எதுனா கேட்டா சிரிச்சிடு. நான் பாத்துக்கறேன்." இருபத்தாறு வயது மகனிடம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடங்கள் உன் மேசையைத் தாண்டாமல் போவதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் சொன்னது. மலரின் அப்பா உன்னைப் பார்த்து, "தம்பி ஓசூர்ல எந்தப் பக்கம் தங்கியிருக்கீங்க?" என்றார். நான் சொன்னேன். "வேலை எப்படி, ஷிப்ட்டுங்களா?" நான் சொன்னேன். பிறகு மலர் காபி கொண்டுவந்து உன் எதிரே நின்று, "சக்கரை போதுங்களா?" என்றாள். "அவனுக்குக் கம்மியாத்தான் புடிக்கும்மா" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "குடிக்கிறது அவருதானுங்களே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மா, "வாயி ஜாஸ்தி இதுக்கு, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களில் நீயும் இருந்தாய். நான் கடைசியாக எப்போது உன்னை அப்படிச் சிரிக்கப் பார்த்தேன் என்று யோசித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், கலசபாக்கம் தாண்டி, நீ ஆரம்பித்தாய். "அ... அந்தப் பொ... பொண்ணு எ... என்னத்தான கே... கேட்டுச்சு." நீ சொல்லி முடிப்பதற்குள் முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. "டிக்கெட்டை எங்க வெச்ச?" என்றேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் ஒன்று செய்தேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நீ வருவதற்கு முன்னால் நானே போய் மலரின் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று. என்ன வார்த்தையில் சொல்வது என்பதுகூடத் தயாராக இருந்தது. கொஞ்சம் திக்கும், அவ்வளவுதான், மத்தபடி தங்கமான பையன். போளூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர், "ஏறுங்க சார், எடுத்துடுவோம்" என்றான். படியில் ஒரு கால் வைத்தபோதுதான் உறைத்தது. மறுபடியும் சர்க்கரைக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். காலை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா சுண்ணாம்பு வாளியை நகர்த்திக்கொண்டிருந்தாள். "அதுக்குள்ள போயிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். அவளுக்குக் கடைசி வரி எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சட்டைப் பையில் இருக்கிற கடிதத்தைப் படிக்கத் தெரியாதவளா அவள்?

"போகல" என்றேன்.

"நல்லதாச்சு" என்றாள்.

நாலு நாளாக அந்தப் பழைய பாடத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு பேர் உன்னைப் பிடிக்க நிற்கிறார்கள். எந்தப் பக்கம் பாய்வார்கள் என்று தெரியாது. கோட்டின் அந்தக் கடைசி முனை அது. அங்கே உன் நாக்கு இடறவில்லை. பாட்டு தொடர்ந்து போகிற வேலை, அதன் வேகம் உன் கையில் இருந்தது. அதே கொல்லையில், அதே நிமிஷத்தில், ஒரே ஒரு ஆள் முன்னால் வந்து நின்றதும் இடறியது. அவன் உன்னைப் பிடிக்க வரவில்லை. உன் வார்த்தைக்காகத்தான் நின்றான், அதுவும் சீக்கிரம் வர வேண்டும் என்று. காற்றடித்தால் செயல் இடம் மாறும் என்று விரிவுரையாளர் சொன்னாரே, உனக்கு அந்தக் காற்று நான்தான். உன் கார்டில் எழுதியிருந்தது என்னைப் பற்றி. இருபது வருஷம் வகை பிரித்தவனுக்கு இது தெரியவில்லை.

உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும். அவனுக்கு எது வரும், எது வராது என்று உனக்குத் தோன்றும். தோன்றுவதை எழுதி வைக்காதே. எழுதினாலும் பென்சிலால் எழுது. அவனுக்கு வராது என்று நீ நினைப்பதை அவன் உனக்குத் தெரியாமல் எங்காவது ஒரு கொல்லையில் செய்துகொண்டிருப்பான். நீ அதைக் கேட்க நேர்ந்தால், வைக்கோல் போருக்குப் பின்னால் நிற்காதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் உன்னோடு வரவில்லை. நீ கூப்பிட்டாய் என்பதால் வர ஆசைதான். வந்தால் என் வாய் சும்மா இருக்காது, அது எனக்குத் தெரியும். நீ தனியாகப் போ. மலரிடமே சொல். அவள் அப்பாவிடம் அப்புறம். எவ்வளவு நேரம் ஆகிறதோ ஆகட்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், பத்திரிகையை நிறுத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒளித்தது நான், ஆகவே ஊருக்கு முகம் காட்டுகிற வேலையும் என்னுடையது. ஆனால் காபியை நீட்டிவிட்டு என்னைப் பார்த்தாளே, அந்தப் பெண் காத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதையும் பென்சிலால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை மத்தியானம், தபால் ஆபீஸிலிருந்து உன் ஆபீஸுக்கு டிரங்க் கால் போடுகிறேன். பொங்கலுக்குப் போட்டபோது மூன்று நிமிஷமும் நானே பேசினேன். மழை, அம்மா முட்டி வலி, பக்கத்து வீட்டுக் கடன் தகராறு. ஆபரேட்டர் இடையில் வந்து நீட்டிக்கட்டுமா என்று கேட்டபோது, "போதும்மா, பேசியாச்சு" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், உன்னிடமிருந்து "அ" என்ற ஒரு எழுத்தைத் தவிர எதுவும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அந்தக் கொல்லையில் கேட்டிருக்க வேண்டியது. எத்தனை பேரைத் தொட்ட? கேட்டுவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். மூன்று நிமிஷம் ஆனதும் ஆபரேட்டர் வருவாள். யாரும் பேசலையே சார், லைன் கட் ஆயிடுச்சா என்பாள்.

"இல்லம்மா. பேசிக்கிட்டு இருக்கான்" என்பேன்.

அப்பா